சுவர் தாண்டி விழுந்த மாவு

கோலத்தைச் சுத்தி வாங்க தம்பி, மிதிச்சிராதீங்க. அம்மிணி, நீங்களும் பார்த்து. ஆமாங்க, பூட்டின வீட்டுக்கு முன்னால கோலந்தான். யார் போட்டதுன்னு அப்புறம் சொல்றனுங்க. முதல்ல வீட்டைப் பாருங்க. எங்க வசந்தாமணி உள்ளே கூட்டிட்டுப் போவா. சமையல்கட்டு, பின்வாசல், தண்ணித்தொட்டி எல்லாம் காட்டுவா. எங்கிட்டத்தான் பேச மாட்டா, மத்தவங்ககிட்ட நல்லாப் பேசுவா.

நீங்க இங்கயே நில்லுங்க தம்பி. சமையல்கட்டைப் பார்த்து நாம என்ன பண்ணப்போறோம்? நான் சென்னியப்பன். பக்கத்து வீடு. முப்பத்தொரு வருசம் மில்லுல ஸ்டோர் கீப்பர். இப்ப இந்த நகர் சங்கத்துக்குச் செயலாளர். வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கறாரு, சாவி எங்கிட்ட. அது போக, 'நஞ்சில்லாத் தோட்டம்'னு ஒரு வாட்ஸப் குழு, கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? கோயமுத்தூர்ல இருந்துட்டு கேள்விப்படாம எப்படிங்க? இருநூத்திப் பதினாலு பேரு. அட்மின் நான்தான்.

முன்னால இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேட்கறீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். எறும்புங்க. சிரிக்காதீங்க, எறும்புதான்.

இந்தப் பக்கம் எட்டிப் பாருங்க. அது என்னோட தோட்டம். கத்திரி, வெண்டை, செம்பருத்தி, அந்தக் கடைசில காய்ஞ்சு நிக்குதே, அது அவரைப் பந்தல். ஆறு வருசமா ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்லை. அதாவது, அடிச்சதில்லைன்னுதான் வெச்சுக்கங்களேன். விதையிலிருந்து அறுப்பு வரைக்கும் எல்லாம் இயற்கை. உரம் நானே செய்யறது. மீனும் வெல்லமும் சமமாப் போட்டு, ட்ரம்முல மூடி, இருபத்தோரு நாள் ஊற வெச்சு எடுத்தா மீன் அமிலம். அதைத் தண்ணில கலந்து வாரம் ரெண்டு தடவை இலை மேல தெளிச்சா செடி எப்படி நிக்கும் தெரியுங்களா? வெல்லம் போட்டா எறும்பு வராதாங்கறீங்களா? இந்தக் கேள்வியை இன்னொரு தடவை எங்கயும் கேட்டுராதீங்க தம்பி, படிச்சவங்க மாதிரி இருக்கறீங்க. அது நொதிச்ச வெல்லம். எறும்புக்கு என்ன நாக்கு செத்தா போச்சு?

எறும்பு வந்தது இங்கிருந்து. இந்த வாசல்லருந்து.

செண்பகவல்லின்னு பேரு. கோவில்பட்டிக்காரி. புருசன் லாரி ஓட்டறவன், மாசத்துக்கு ரெண்டு நாள் வீட்ல இருந்தாப் பெருசு. இவ முன்னறைல மெஷினைப் போட்டுட்டு ஜாக்கெட் தைப்பா. இந்த நகர்ல பாதிப் பொம்பளைங்க இவகிட்டத்தான் தைக்கக் குடுப்பாங்க. வந்த முதல் நாளே சுவத்துக்கு மேல தலையை நீட்டி, "அண்ணாச்சி, நல்லா இருக்கீயளா?"ன்னு கேட்டா. அண்ணாச்சி! மளிகைக் கடைல உளுந்து நிறுக்கறவனைக் கூப்பிடற மாதிரி. ஸ்டோர் கீப்பருங்க நான். எனக்குக் கீழ பதினெட்டுப் பேரு இருந்தாங்க.

விடிஞ்சா வாசலைத் தெளிச்சு, பச்சரிசியை அரைச்சு வெச்ச மாவுல கோலம் போடுவா. கல்லுமாவு கிடைக்குதே, டப்பா டப்பாவா விக்கறாங்களே, அதெல்லாம் ஆகாதாமா. நான் ஒரு நாள் கேட்டனுங்க. "ஏம்மா, அரிசியைக் கொண்டாந்து மண்ணுல கொட்டறயே, இது என்ன பழக்கம்?" அதுக்கு என்ன சொன்னா தெரியுங்களா? "என்ன இருக்கு அண்ணாச்சி, எறும்பு திங்கட்டும். அதுக்கும் வயிறு இருக்குல்லா." வயிறு! எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நான் இங்க எறும்பை விரட்ட மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கறேன், இவ சுவத்துக்கு அக்கட்டால பந்தி வெச்சுட்டு இருக்கறா.

நான் பண்ணாத வைத்தியம் இல்லீங்க. மஞ்சத்தூள்ல கோடு போட்டேன். தாண்டிருச்சு. பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்தினேன். தோட்டமே ரசம் வெச்ச மாதிரி மணத்துச்சு, எறும்பு அசையல. வசம்பைப் பொடி பண்ணிப் போட்டேன், வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடிச்சேன், அடுப்புச் சாம்பலுக்கு ஆள் தேடிப் போய் ஒரு டீக்கடைல வாங்கிட்டு வந்து கொட்டினேன். தொட்டிக்கெல்லாம் கீழ தட்டு வெச்சுத் தண்ணி நிரப்பினேன், எப்படி நீந்தறதுன்னு பார்க்கலாம்னு. டெங்குக் கொசு பார்க்க வர்ற பொண்ணு, இத்தினியூண்டு இருக்கும், "ஐயா, இதுல புழு நெளியுது"ன்னு பதினோரு தட்டையும் கவுத்து ஊத்திட்டு, சுவத்துல சாக்பீஸ்ல என்னமோ எழுதிட்டுப் போயிருச்சு. எனக்கு! சங்கச் செயலாளருக்கு!

குழுவுல கேட்டுப் பார்க்கலாம்னா அட்மினே எப்படிக் கேட்கறது? வேற யாரோ கேட்ட மாதிரி போட்டேன். ஒருத்தன் காப்பித்தூளைப் போடுங்கறான். ஒருத்தி எறும்புகிட்ட அன்பாப் பேசுங்கங்கறா. இப்படிப்பட்ட இருநூத்திப் பதினாலு பேரை வெச்சுக்கிட்டுத்தான் தம்பி நான் காலம் தள்றேன்.

மார்கழி வந்துச்சு. கோலம் இன்னும் பெருசாச்சு. வாசல் நிறைய மாவு, நடுவுல பூசணிப்பூ. எங்க வசந்தாமணியும் போய்ச் சேர்ந்துட்டா. ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு புள்ளி வைக்கறதும், சிரிக்கறதும். அந்த மாசந்தான் என்னோட அவரைப் பந்தல்ல அசுவினிப் பூச்சி ஏறி, அதைத் தொட்டுக்கிட்டு எறும்பு சாரை சாரையாப் போக ஆரம்பிச்சுது. கொடி கறுத்துப் போச்சு. பிஞ்சு எல்லாம் சுருண்டுருச்சு.

அந்த மாசத்து மூணாவது ஞாயித்துக்கிழமைதான் குழு என்னோட தோட்டத்தைப் பார்க்க வர்றதா ஏற்பாடு. நானே போட்ட தேதி. 'எறும்பை வென்ற தோட்டம்'னு நானே தலைப்பும் குடுத்துட்டேன். என்ன பண்ணச் சொல்றீங்க? ஆறு வருசமா நஞ்சு தொடாதவன்னு பேரு. மில்லை விட்டு வந்தப்பறம் எனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். மில்லுல என்னைப் பார்த்து எந்திரிச்சு நின்னவன் இப்ப பஸ்ல பக்கத்துல உக்காந்து தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்க்கறான். குழுவுல மட்டுந்தான் 'சார், சார்'ங்கறாங்க.

அதனால சனிக்கிழமை காலைல துடியலூர் தாண்டிப் போனேன். இங்க எல்லாக் கடைக்காரனுக்கும் என்னைத் தெரியும், பாருங்க. அங்க ஒரு உரக்கடைல எறும்புப் பொடி வாங்கினேன். ஆமா. விசந்தான். நீங்க யாரோ எவரோ, அதனால சொல்றேன். வசந்தாமணியோட காய்கறிப் பையில அடில வெச்சு, மேல ரெண்டு கட்டு கீரையைப் போட்டு மறைச்சுக் கொண்டாந்தேன். எங்க வீட்ல கீரைக்கு நானே பாத்தி போட்டிருக்கேன். கீரை வாங்கிட்டு வர்றவனைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வராம என்ன வரும்? அதை அப்ப யோசிக்கல.

மத்தியானம் பந்தலடியில வெள்ளையாத் தூவிட்டு நிமிர்ந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுட்டு நின்னா செண்பகவல்லி. பார்த்துட்டா. நான் பொடிப் பையை முதுகுக்குப் பின்னால கொண்டு போனேன். அவ அது என்னன்னு கேட்கல. "அண்ணாச்சி, மூக்கைக் கட்டிக்கிட்டுத் தூவுங்க. எங்க ஊர்ல பருத்திக்காட்டுல இப்படித்தான் எங்க சித்தப்பா வெறும் முகத்தோட தூவிட்டு எட்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாவ"ன்னா. சொல்லிட்டு ஒரு துண்டைத் தூக்கிப் போட்டா இந்தப் பக்கம். எனக்குப் பாடம் எடுக்கறா பாருங்க. நான் கட்டிக்கல. சாயங்காலம் வரைக்கும் தும்மிட்டுத்தான் இருந்தேன், ஆனா கட்டிக்கல.

மறுநாள் இருபத்திரண்டு பேர் வந்தாங்க. எறும்பு ஒண்ணு இல்லை. எல்லாம் சுருண்டு கிடந்ததை விடியறதுக்கு முன்னாலயே கூட்டி எடுத்துட்டேன். கத்திரியைக் காட்டறேன், வெண்டையைக் காட்டறேன், எல்லாரும் போட்டோ பிடிக்கறாங்க. ஒரு ஹோமியோபதி டாக்டரம்மா, எதையும் தொட்டுப் பார்க்காம இருக்க மாட்டாங்க, நேராப் பந்தலடிக்குப் போய்க் குனிஞ்சாங்க. கூட்டினதுல ஒரு மூலை விட்டுப் போச்சு. விரல்ல தொட்டு எடுத்து, "சார், இது என்ன வெள்ளையா?"ங்கறாங்க.

தம்பி, எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்க்கறாங்க. அந்தம்மா அந்த விரலை மூக்குகிட்டக் கொண்டு போறாங்க. அடுத்தாப்பல நாக்குக்குப் போகும், அவங்க பழக்கம் அப்படி.

அப்ப சுவத்துக்கு மேலருந்து சத்தம். "அது என் கோலப்பொடிம்மா. சுவத்துல வெச்சிருந்த டப்பா கவுந்து அந்தப் பக்கம் விழுந்துட்டு. வாயில கீயில வெச்சிராதீய, சுண்ணாம்பு கலந்திருக்கு, கையைக் கழுவிக்கிடுங்க." இப்படிச் சொல்லிட்டு ஒரு சொம்புத் தண்ணியையும் எட்டிக் குடுத்தா.

நான் கேட்டனா? சொல்லுங்க, நான் அவளைக் கேட்டனா? ஒரு வார்த்தை கேட்கல. அவளாச் சொன்னா. எதுக்குச் சொல்லோணும்? அவ பாட்டுக்குத் துணி காயப்போட்டுட்டுப் போயிருந்தா நான் எப்படியோ சமாளிச்சிருப்பேன். முப்பத்தொரு வருசம் ஆடிட்டருகளையே சமாளிச்சவன் நான்.

அப்புறம் நான் என்ன பண்ணினேன்னு கேட்கறீங்களா? கேட்கலையா? சரி, நானே சொல்லிடறேன். நான் எல்லாரையும் பார்த்து, "பார்த்தீங்களா, எறும்புக்குத் தீனி போடற பக்கத்து வீடு, அது இவங்கதான்"னேன். எப்படி வந்துச்சுன்னு தெரியல, வந்துருச்சு. எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தாங்க. ஒருத்தர் போட்டோ கூட எடுத்தாரு. செண்பகவல்லி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாங்க. துணிக்கூடையை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அதோட முடிஞ்சிருக்கோணும். இந்தக் குழு இருக்குதே, இதுகளுக்கு வேற வேலையே இல்லை. அந்தப் போட்டோ அன்னிக்கு சாயங்காலமே சுத்த ஆரம்பிச்சுது. நம்ம நகர்லயே முப்பது பேர் அதுல இருக்கறாங்க. எங்க வீட்டுல எறும்பு, எங்க சர்க்கரை டப்பால எறும்பு, எங்க குழந்தையைக் கடிச்சிருச்சுன்னு ஆளாளுக்கு எழுதறாங்க. அந்தக் குழந்தை இருக்கறது நாலு தெரு தள்ளி! பொங்கல் முடிஞ்சதும் சங்கத்துல கூட்டம் போட்டு, அரிசி மாவுக் கோலம் கூடாதுன்னு தீர்மானம். அதோட நின்னாங்களா? சுண்ணாம்பு கலந்த பொடியை அடுத்தவங்க தோட்டத்துல கொட்டறாங்கன்னு மஸ்கட்டுக்கு ஒரு கடிதாசி.

அதை நான் எழுதலீங்க. பொருளாளர் எழுதினது. நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன். செயலாளர் போடாம யார் போடுவாங்க? பேனாவை வாங்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அது எதுக்கு இப்ப உங்களுக்கு? போட்டேன். மஸ்கட்காரர் ஒரு மாசத்துல காலி பண்ணச் சொல்லிட்டாரு.

மாசிக் கடைசில போனாங்க. அத்தனை வருசம் சேர்த்த தையல் வாடிக்கை எல்லாம் இங்கதான். சரவணம்பட்டில ஒரே ஒரு அறையாமா, மெஷினைப் போட்டா பாய் விரிக்க இடமில்லையாமா. எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு நாள் அந்த வழியா பஸ்ல போனேன். வேற வேலையாத்தான் போனேன். கைல வெண்டைக்காய் இருந்துச்சு, ஒரு ரெண்டு கிலோ. கதவு திறந்திருந்துச்சு, மெஷின் சும்மா நின்னுச்சு. நான் இறங்கல. வெண்டைக்காயைக் கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்.

போற அன்னிக்கு சாவியை எங்கிட்டத்தான் குடுக்கோணும். வந்தாங்க. "அண்ணாச்சி, சாவி. பின்வாசல் கொண்டி கொஞ்சம் இறுக்கம், தூக்கித் தள்ளணும்." அவ்வளவுதான். ஏதாவது கேட்டிருக்கலாமில்ல? 'ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணீய?'ன்னு ஒரு வார்த்தை? கேட்டிருந்தா நான் நாலு கேட்டிருப்பேன், சண்டை போட்டு முடிச்சிருப்போம். கொண்டியைப் பத்திச் சொல்லிட்டுப் போறா! அந்த அழுத்தம் இருக்குதே தம்பி, அதுதான் எனக்கு ஆகறதே இல்லை. மிச்சம் இருந்த அரிசி மாவை ஒரு டப்பால போட்டு வசந்தாமணி கைல குடுத்துட்டு, ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுட்டு அழுதாங்க.

அன்னிலருந்து வசந்தாமணி எங்கிட்டப் பேசறதில்லை. சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னா டிவியைப் பார்த்து, "சோறு வெச்சிருக்குது"ங்கறா. காய்கறிப் பையை உதறும்போது அந்தப் பொடி கொட்டியிருக்கும்போல. அவளுக்குத் தெரியும். அது எனக்கு எப்படித் தெரியும்னா, தோட்டத்துல கத்திரி காய்ச்சுத் தொங்குது, இவ மார்க்கெட்ல போய்க் கத்திரிக்காய் வாங்கிட்டு வர்றா. எனக்கு முன்னாலயே அதை நறுக்கறா. என்னோட காய் ஒண்ணு அடுப்புல ஏறி மூணு மாசமாச்சு. குழுவுல இருக்கறவங்களுக்குக் குடுக்கறேன், 'நஞ்சில்லாக் காய், சார் கை பட்டது'ன்னு வாங்கித் தின்னுட்டு போட்டோ போடறாங்க. முட்டாளுக.

எறும்பா? அதைக் கேளுங்க. அந்தம்மா போன நாலாம் நாள், இருந்த எறும்பு மொத்தமும் எங்க பக்கம் வந்துருச்சு. விசம் வெச்ச பந்தலைத் தவிர எல்லா இடத்துலயும். செம்பருத்தி, வெண்டை, தாண்டி வீட்டுக்குள்ள, என்னோட கட்டில் கால் வரைக்கும். அதுவரைக்கும் இந்த வாசல்ல தின்னுட்டு இங்கயே இருந்திருக்கும்போல. இருக்கலாம்ங்கறேன், அப்படித்தான்னு சொல்லல. மீன் அமிலத்தை அதிகப்படுத்தினேன், செடிக்குத் தெம்பு வரட்டும்னு. இன்னும் அதிகமா வருது. விளங்கவே இல்லை.

குழுவுல எழுதிப்போட்டுரலாம்னு பார்த்தேன். எறும்பைப் பத்தி இல்லீங்க, அந்தப் பொடியைப் பத்தி. 'அன்று பந்தலடியில் இருந்தது நான் தூவிய எறும்பு மருந்து.' அவ்வளவுதான், ஏழு வார்த்தை. நாலு தடவை அடிச்சேன். நாலு தடவையும் அழிச்சேன். கண்ணாடி சரியில்லை, எழுத்து தெரிய மாட்டேங்குது.

அதனாலதான் இந்த வாசல்ல கோலம். ஆமாங்க, நான் போட்டதுதான். ஆம்பளை கோலம் போட்டா என்ன, யாராவது கேட்டா எறும்பைத் திசை திருப்பற தந்திரம்னு சொல்லிருவேன். தந்திரந்தான். அவங்க குடுத்துட்டுப் போன டப்பா மாவு தீர்ந்து போய், நானே பச்சரிசி வாங்கி மிக்ஸில அரைச்சேன். தீர்மானத்துல கையெழுத்துப் போட்டவன்தான், தெரியும். நாலு புள்ளிதான் எனக்கு வரும், அதுவும் கோணல். மூணு வாரமா வசந்தாமணி ஜன்னல்ல நின்னு பார்க்கறா. ஒரு வார்த்தை சொல்லணுமே, கோணலா இருக்குதுன்னாவது? கிடையாது.

ஆ, வந்துட்டாங்க. என்னங்க அம்மிணி, வீடு எப்படி? பிடிச்சிருக்குதா? சமையல்கட்டு அகலந்தான். காத்து நல்லா வரும். பின்வாசல் கொண்டி இறுக்கமா இருந்துச்சா? தூக்கித் தள்ளோணும். இன்னிக்கே பால் காய்ச்சலாமாங்கறீங்களா? இருங்க இருங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க வாசலுக்கு எந்த மாவுல கோலம் போடுவீங்க?

ஸ்டிக்கரா?

ஒட்டறதா? ஒரு தடவை ஒட்டிட்டா ஒரு வருசம் அப்படியே இருக்குமா? தேவலைங்க. குனிய வேண்டாம், நிமிர வேண்டாம், ஒரு எறும்பு கிட்ட வராது. நல்ல ஏற்பாடு.

தம்பி, உங்ககிட்டச் சொல்ல மறந்தே போயிட்டேன் பாருங்க. வீடு குடுத்தாச்சுங்க. நேத்துத்தான். கோவிச்சுக்காதீங்க, வயசாச்சு, ஞாபகம் நிக்கறதில்லை. மஸ்கட்டுக்குத் தகவல் சொல்லணும், இத்தனை நாளா வர்றவங்கள்லாம் எறும்பைப் பார்த்துட்டு ஓடறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க அஞ்சாவது குடும்பம். யாருக்குக் குடுத்தீங்கன்னா, அது வந்துங்க, தெரிஞ்சவங்க, தெக்கத்திப் பக்கம்...

என்ன சொன்னே வசந்தாமணி?

கேட்டீங்களா தம்பி? "செண்பகவல்லிக்குக் குடுத்தாச்சுங்க, இவரே போய்க் கூட்டிட்டு வரப்போறாரு"ன்னு உங்ககிட்டச் சொல்றா. மூணு மாசமா டிவியோட பேசினவ, இப்ப என் மூஞ்சியைப் பார்த்துட்டே சொல்றா. நான் கேட்டனா? நான் அவளை ஒரு வார்த்தை கேட்டனா? இந்தப் பொம்பளைங்களே இப்படித்தானுங்க, நாம நாக்கு ஒட்டிப் போய் நிக்கறப்பத்தான் சுவத்துக்கு மேலருந்து பேசுவாங்க.

சரி, போயிட்டு வாங்க. எனக்கும் பஸ்ஸைப் பிடிக்கோணும். அதுக்கு முன்னால குழுவுல ஏழு வார்த்தை எழுதோணும், கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியல. பார்த்துப் போங்க அம்மிணி, அந்த ஓரமாப் போங்க. எறும்பு இன்னும் தின்னு முடிக்கல.